ஆகாய விமானம் ஓட்ட யோக்கியதை யாருக்கு?

(காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளத் தோழர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்றையக் கூட்டத்தில் ஆகாய விமானம் ஓட்டும் வித்தையைப் பற்றியும், ரோடும் மைல் கல்லும் இல்லாத ஆகாயத்தில் வழி கண்டு போகும் கணக்கைப் பற்றியும் பேசவேண்டும் என்று இவ்வூர் வாலிபத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். இதைக் கேட்டுச் சிலர், "பிள்ளையார்பாளையத்துக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? தறிக்குழியில் கால் வைத்திருக்கிறவனுக்கு ஆகாயம் எதற்கு?" என்று சிரித்ததாகவும் கேள்விப்பட்டோம். அவர்களுக்குப் பதில் சொல்லுவதுதான் இன்றையப் பேச்சின் நோக்கம். அந்த வித்தையின் ஆரம்பப் பாடங்களை இங்கேயே உங்கள் முன் வைத்துவிடுகிறோம். இது நமக்கு எட்டுமா எட்டாதா என்பதைக் கேட்டபிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த ஊரில் விமானம் என்று சொன்னால் கர்ப்பக்கிரகத்தின் மேல் இருக்கும் கட்டடத்தைத்தான் அநேகர் நினைப்பார்கள். பக்கத்திலேயே கைலாசநாதர் கோயில் விமானம் சுமார் 1300 வருஷங்களாக நிற்கிறது. அதைக் கட்டின கல்தச்சர்களின் கணக்கும் கைத்திறமையும் மெச்சத்தக்கவை. ஆனால் அது நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. கருட வாகனத்தின் சங்கதியும் அப்படித்தான். பறவைகளுக்கெல்லாம் ராஜா என்கிறார்கள். ஆனால் அந்தப் பறவையை வருஷா வருஷம் மனிதர்கள்தான் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

"நம் முன்னோர்களுக்குப் புஷ்பக விமானம் இருந்தது, வெள்ளைக்காரன் அதைப் பார்த்துத்தான் செய்தான்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதற்கு ஆதாரமாக 'வைமானிக சாஸ்திரம்' என்று ஒரு நூலையும் காட்டுகிறார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அந்த நூலையும் அதிலுள்ள படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டுப் பரிசோதித்து, 1974-ம் வருஷத்தில் தங்கள் முடிவைப் பிரசுரித்தார்கள். அந்த நூல் 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதப்பட்டது என்றும், அதில் சொன்னபடி செய்தால் எதுவும் பறக்காது என்றும் கண்டார்கள். அவர்கள் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, சோதித்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான். இந்தச் 'சோதித்துப் பார்த்தல்' என்கிற வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமானியின் வித்தை முழுவதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

சைக்கிள் கடைக்காரரும் பருத்தித் துணியும்

பறக்கும் யந்திரத்தை முதலில் செய்து ஓட்டியவர்கள் யார்? அமெரிக்காவில் டேட்டன் என்கிற ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்கிற இரண்டு சகோதரர்கள். காலேஜ் வாசற்படி ஏறாதவர்கள். அக்காலத்தில் பெரியவர்கள் எழுதிவைத்திருந்த இறக்கைக் கணக்குகளை நம்பித்தான் இவர்களும் முதலில் செய்தார்கள். கணக்கில் சொன்னபடி இறக்கை தூக்கவில்லை. உடனே, "பெரியவர்கள் சொன்னது பொய்யாகுமா? நம் தலைவிதிதான்" என்று கடையைச் சாத்தவில்லை. 1901-ம் வருஷத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் விசிறியால் காற்றை ஓடவிட்டு, சுமார் 200 விதமான சிறு இறக்கைகளை அதில் வைத்துத் தாங்களே அளந்தார்கள். 1903-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி அவர்கள் யந்திரம் 12 விநாடி பறந்து 120 அடி தூரம் போயிற்று. அன்றைக்கே நான்காம் தடவை 59 விநாடியில் 852 அடி போயிற்று.

நெசவாளத் தோழர்களே! அந்த இறக்கை எதனால் செய்யப்பட்டது தெரியுமா? மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய சாயம் போடாத பருத்தி மஸ்லின் துணி. நூல் இழைகள் சட்டத்துக்கு நேராக ஓடாமல் கோணலாக ஓடும்படி அதைத் தைத்தார்கள். ஏனெனில், குறுக்கே ஓடும் இழை இறக்கைக்கு ஒரு முட்டுக்கட்டை போல் பலம் கொடுக்கும். இந்த யுக்தியை விளக்கிச் சொல்ல ஒரு புரொபஸருக்கு அரை மணி நேரம் வேண்டும். உங்களுக்கு அரை வார்த்தை போதும். பின்னால் விமானத்திலிருந்து குதிப்பவர்களைக் காப்பாற்றிய பாராசூட்டும், நைலான் வருகிற வரையில், பட்டுத் துணிதான். ஆகவே ஆகாயத்துக்கும் தறிக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்டவர்கள் விமானத்தையும் அறியார், தறியையும் அறியார்.

நமது நாட்டுக்கும் இந்த வித்தை சீக்கிரத்திலேயே வந்துவிட்டது. சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பவர் 1910-ம் வருஷத்திலேயே சிம்ப்சன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டுவித்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். 1932-ம் வருஷம் அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வரை டாட்டாவும், அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு நெவில் வின்சென்டும் தபால் மூட்டைகளை விமானத்தில் கொண்டுவந்தார்கள்.

விமானம் ஏன் விழுவதில்லை?

இனி முதல் பாடம். பறக்கும் விமானத்தின் மேல் நான்கு விசைகள் வேலை செய்கின்றன. பாரம் கீழே இழுக்கிறது. இறக்கை மேலே தூக்குகிறது. யந்திரம் முன்னே தள்ளுகிறது. காற்று பின்னே இழுக்கிறது. ஒரே உயரத்தில் ஒரே வேகத்தில் போகும்போது மேல் விசையும் கீழ் விசையும் சமம், முன் விசையும் பின் விசையும் சமம்.

இறக்கை எப்படித் தூக்குகிறது? பலமான காற்றில் ஒரு முறத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கையை மேலே தூக்கும். இறக்கையும் அப்படியே, தன்மேல் வந்து மோதும் காற்றைக் கீழ் நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளினால் காற்று இறக்கையை மேலே தள்ளும். அநேக பாட புஸ்தகங்களில் வேறொரு சமாதானம் அச்சாகியிருக்கிறது. அதாவது, இறக்கையின் மேல் பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றோடு ஒரே சமயத்தில் போய்ச் சேர வேண்டி அது வேகமாக ஓடுகிறது என்பதாகும். மேல் காற்று வேகமாக ஓடுவது நிஜந்தான். ஆனால் ஒரே சமயத்தில் போய்ச் சேரவேண்டும் என்று இரண்டு காற்றும் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. புகை விட்டுப் பார்த்ததில் மேல் காற்று முந்திக்கொண்டு போய்விடுவது கண்ணாலேயே தெரிகிறது. ஆகவே அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் நம்பவேண்டியதில்லை என்பதற்கு, விமானப் படிப்பின் முதல் பக்கத்திலேயே அத்தாட்சி கிடைக்கிறது.

முறத்தை அதிகமாகச் சாய்த்தால் என்ன ஆகும்? தூக்குவது நின்று, வெறுமனே பின்னால் தள்ளும். இறக்கையும் காற்றுக்கு ஏறக்குறைய 15 பாகைக்கு மேல் சாய்ந்தால், மேல் பக்கத்துக் காற்று இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. தூக்கும் விசை சட்டென்று குறைகிறது. இதை 'ஸ்டால்' என்று சொல்லுகிறார்கள். யந்திரம் நிற்பது என்று அர்த்தமல்ல. இறக்கை வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். அப்போது விமானம் கீழே இறங்கும். இறங்கும்போது மனிதனுக்கு என்ன தோன்றும்? மூக்கை மேலே தூக்கத் தோன்றும். அதுதான் மோசம். மூக்கைக் கீழே இறக்கினால்தான் இறக்கை மறுபடியும் காற்றைப் பிடிக்கும். 2009-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி ரியோவிலிருந்து பாரிசுக்குப் போன ஏர் பிரான்ஸ் விமானத்தில், வேகம் காட்டும் குழாய்களைப் பனி அடைத்தது. வேகக் கணக்கு சிறிது நேரம் தவறியது. அந்தக் குழப்பத்தில் விமானி மூக்கை மேலே இழுத்தார். ஸ்டால் ஆன பிறகும் அநேகமாய் இழுத்தபடியே இருந்தார். 38,000 அடி உயரத்துக்குப் போன விமானம் சில நிமிஷங்களில் கடலில் விழுந்து 228 பேரும் மாண்டார்கள். பயம் சொன்னதைக் கை செய்தது; படித்த பாடம் சொன்னதைச் செய்யவில்லை.

மேகத்துக்குள் போனால் இன்னும் ஒரு சங்கடம். நமது காதுக்குள் இருக்கும் நீர்தான் நாம் நிமிர்ந்திருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்பதைச் சொல்லுகிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் அந்த நீர் அடங்கிவிடும். நேராகப் போவதாகவே தோன்றும். வெளியே பார்க்க பூமியும் தெரியாது, வானமும் தெரியாது. "எனக்கு அப்படித் தோன்றுகிறது" என்று மனதை நம்பியவர் செத்தார். எதிரே இருக்கும் கருவிகளைப் பார்த்து, ஒன்றை மற்றொன்றால் சரிபார்த்தவர் பிழைத்தார். பகுத்தறிவு என்று நாம் மேடைதோறும் சொல்லுகிற விஷயம், அங்கே உயிர் பிழைக்கும் வழியாக இருக்கிறது.

பூமிக்குப் போட்ட பாவும் ஊடையும்

இனி வழி கண்டுபிடிக்கும் கணக்குக்கு வருவோம். இது உங்களுக்குப் பழகின சங்கதி. பூமி உருண்டையின் மேல் வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை பாவு ஓட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவை தீர்க்கரேகைகள். கிழக்கு மேற்காக ஊடை போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவை அட்சரேகைகள். எத்தனையாவது பாவு, எத்தனையாவது ஊடை என்று இரண்டு எண்களைச் சொன்னால், புடவையில் ஒரு புட்டா எங்கே விழும் என்பது தெரிவது போல, பூமியில் எந்த ஊரும் எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. தறியில் பாவு கடைசிவரை ஒரே இடைவெளியில் ஓடும். பூமியின் பாவோ இரண்டு துருவங்களிலும் போய் ஒன்று சேர்ந்துவிடும்.

நமது காஞ்சிபுரம் ஏறக்குறைய வடக்கு 12 பாகை 50 நிமிஷம், கிழக்கு 79 பாகை 42 நிமிஷம். இங்கே நிமிஷம் என்பது கடிகாரத்து நிமிஷம் அல்ல; ஒரு பாகையை 60 பங்கு போட்டதில் ஒரு பங்கு. தெற்கு வடக்காக அந்த ஒரு பங்கின் தூரந்தான் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். விமானிகள் தூரத்தை இந்த மைலில்தான் கணக்கிடுகிறார்கள். ஆகவே இரண்டு ஊர்களின் எண்கள் தெரிந்தால் தூரமும் திசையும் நோட்டுப் புஸ்தகத்திலேயே கிடைத்துவிடும்.

ஓர் எண் பிசகினால் என்ன ஆகும்? 1979-ம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி நியூசிலாந்திலிருந்து தென் துருவப் பனிப் பிரதேசத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு விமானம் போயிற்று. அது போகவேண்டிய இடத்தின் தீர்க்கரேகையை முதல் நாள் இரவு யந்திரக் கணக்கில் 2 பாகைக்குச் சற்று மேல் திருத்திவிட்டு, ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சமுத்திரத்தின் மேல் போகிறோம் என்று எண்ணியவர்கள் எரிபஸ் மலையில் மோதினார்கள். 257 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கோர்வைக்காரர் ஒரு இழை மாறினால் கரை முழுதும் கெட்டுவிடும் என்று தெரிந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்காருகிறார் அல்லவா? அந்தக் கண்தான் விமானிக்கும் வேண்டும்.

மதுரைக்கு ஒரு கணக்கு

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்குச் சிறு பயிற்சி விமானத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நேர் தூரம் ஏறக்குறைய 225 கடல் மைல். திசையை வடக்கில் ஆரம்பித்து வலமாக எண்ணுவார்கள்: கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. மதுரை 213 பாகையில் இருக்கிறது. திசைகாட்டி முள் மெய்யான வடக்கைக் காட்டுவதில்லை. பூமியின் காந்த வடக்கைக் காட்டுகிறது. நமது பக்கத்தில் அந்த வித்தியாசம் 2 பாகைக்குள்தான்; தூர தேசங்களில் அதிகம். ஆதலால் அதையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

விமானம் மணிக்கு 100 மைல் போகுமானால் 2 மணி 15 நிமிஷத்தில் மதுரை. ஆனால் ஆகாயத்தில் காற்று சும்மா இருப்பதில்லை. வெள்ளம் ஓடும் ஆற்றில் எதிர்க்கரைக்கு நேரே ஓடத்தைத் திருப்பினால் எங்கே போய்ச் சேருவோம்? கீழே எங்கேயோ சேருவோம். அதே போல, மணிக்கு 20 மைல் காற்று வலப்புறமிருந்து குறுக்கே அடித்து, விமானி அதைக் கவனியாமல் 213-லேயே மூக்கை வைத்துப் போனால், 2 மணி 15 நிமிஷத்தில் 45 மைல் இடப்புறம் ஒதுங்கி, மதுரையைத் தேடி வந்தவர் இராமநாதபுரத்தின் பக்கம் போய் நிற்பார். மூக்கைக் காற்றின் பக்கமாகச் சுமார் 12 பாகை திருப்பிவைத்தால்தான் விமானம் கோட்டின் மேல் போகும். பார்க்கிறவர்களுக்கு அது கோணலாகப் போவது போலத் தோன்றும். நேராகப் போவதற்கு அதுதான் வழி.

காற்று எதிரே அடித்தாலோ? 100 மைல் வேகம் பூமிக்கு 80 ஆகிவிடும். 2 மணி 15 நிமிஷம் 2 மணி 49 நிமிஷம் ஆகும். மணிக்குச் சுமார் 30 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் யந்திரத்துக்கு 68 லிட்டர் போதும் என்று புறப்பட்டவருக்கு 84 லிட்டருக்கு மேல் வேண்டியிருக்கும். ஆகாயத்தில் பெட்ரோல் கடை கிடையாது. அதனால்தான் புறப்படுமுன் காற்றுக் கணக்கும், அதற்குமேல் கையிருப்பும் கட்டாயம் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள்.

புறப்பட்ட பிறகும் கணக்கை நம்பிக் கண்ணை மூடக்கூடாது. இந்தக் கோட்டில் 54-வது மைலில் திண்டிவனம், 157-வது மைலில் காவேரியும் திருச்சியும் வரும். 100 மைல் வேகத்தில் திண்டிவனத்துக்கு 32 நிமிஷம் ஆகவேண்டும். 36 நிமிஷம் ஆயிற்றென்றால் பூமிக்கு வேகம் 90தான். பாக்கியுள்ள 171 மைலுக்கு 1 மணி 54 நிமிஷம் ஆகும் என்று உடனே திருத்திக்கொள்ளலாம். ஊர் பக்கவாட்டில் தள்ளித் தெரிந்தால் அதற்கும் ஒரு எளிய வாய்பாடு உண்டு. 60 மைல் போனதில் 1 மைல் விலகினால் பிசகு 1 பாகை. 3 மைல் விலகினால் 3 பாகை. இந்தக் கணக்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? இன்று செயற்கைக் கிரகங்களிலிருந்து வரும் குறிகளைக் கொண்டு இடத்தைக் காட்டும் யந்திரங்கள் உண்டு. ஆனாலும் யந்திரம் காட்டுவது சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளவே மாணவர்களுக்கு இன்னும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஓடுபாதையின் பெயரிலும் இதே கணக்குத்தான். மீனம்பாக்கத்தில் ஒரு பாதையின் ஒரு முனையில் 07 என்றும் மறு முனையில் 25 என்றும் எழுதியிருக்கும். கடைசிப் பூஜ்யத்தைச் சேர்த்தால் 70 பாகை, 250 பாகை. விமானம் காற்றுக்கு எதிரே ஏறவேண்டும், எதிரே இறங்கவேண்டும். அப்போதுதான் குறைந்த ஓட்டத்தில் இறக்கைக்கு வேண்டிய காற்று கிடைக்கும். ஆகவே வாடைக் காற்று காலத்தில் 07, தென்மேற்குக் காற்று காலத்தில் 25. இதைத் தீர்மானிப்பது காற்று; சூலமும் அல்ல, சகுனமும் அல்ல.

எந்த ஊர் ராகுகாலம்?

உலகமெங்கும் விமானிகள் ஒரே கடிகாரத்தை வைத்துக்கொள்ளுகிறார்கள். நமது மணியிலிருந்து 5½ மணி கழித்தால் அது வரும். இதைச் சொல்லும்போது ராகுகாலம் பார்க்கிறவர்களை ஒன்று கேட்க ஆசைப்படுகிறோம். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரையுள்ள பகலை எட்டாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கை ராகுகாலம் என்கிறீர்கள். பூமி 1 மணிக்கு 15 பாகை சுழலுகிறது. சென்னையிலிருந்து மேற்கே பறக்கிற விமானத்தில் பகல் நீண்டுகொண்டே போகிறது. அதற்கு எந்த ஊர் ராகுகாலம்? புறப்பட்ட ஊருடையதா, கீழே இருக்கிற ஊருடையதா, போய்ச் சேரும் ஊருடையதா? ராகு என்று ஒரு கிரகமே கிடையாது. சந்திரன் போகும் பாதையும் சூரியன் போவதாகத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளிக்கு வைத்த பெயர் அது. பயணத்துக்கு ஆபத்து வருமா என்று அறிய விமானி பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை. வானிலைக் காரியாலயத்து அறிக்கையைப் பார்க்கிறார். மழை மேகம் எத்தனை அடி உயரம், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும், காற்று எந்தப் பக்கம் என்று அதில் இருக்கும். நிலைமை சரியில்லாவிட்டால், எந்தச் சுபமுகூர்த்தமானாலும் புறப்படமாட்டார்.

இங்கிலீஷ் பயம்

"கணக்கு சரி, இங்கிலீஷ் வேண்டுமே" என்று மாணவர்கள் கேட்பார்கள். வேண்டியதுதான். சர்வதேச ஆகாயப் பேச்சு அநேகமாய் அந்தப் பாஷையில்தான் நடக்கிறது. 1996-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டார்கள். 15,000 அடியில் நிற்கவேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கி, 14,000 அடியில் வந்த சவூதி விமானத்தில் மோதியது. வானொலியில் வந்த இங்கிலீஷ் வார்த்தையை அந்த விமானத்தார் சரியாகப் புரிந்துகொள்ளாததும் ஒரு காரணமாகக் காணப்பட்டது. ஆகையால் பாஷை அவசியம். ஆனால் எந்த இங்கிலீஷ்? சீமான் வீட்டுப் பிள்ளை நுனிநாக்கில் பேசும் இங்கிலீஷ் அல்ல. சில நூறு வார்த்தைகளைத் தெளிவாகவும் நிதானமாகவும் சொல்லி, கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்து, எதிர்பாராதது நேர்ந்தால் விளக்கிச் சொல்லத் தெரிந்தால் போதும். பரீட்சை வைப்பதும் இந்தத் தெளிவுக்குத்தான்.

பாஷையைக் கண்டு பயப்படுகிறவர்கள் பெஸ்ஸி கோல்மன் என்கிற அம்மையாரின் சரித்திரத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில், பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்த ஒரு நீக்ரோ குடும்பத்தில் பிறந்தவர். சிகாகோ நகரத்தில் மற்றவர்களுக்கு நகம் திருத்திவிட்டுப் பிழைத்தவர். விமானம் கற்கவேண்டும் என்று கேட்டபோது, நிறத்துக்காகவும் பெண் என்பதற்காகவும் அந்நாட்டுப் பள்ளிகள் கதவைச் சாத்தின. அவர் என்ன செய்தார்? பிரெஞ்சு பாஷையைப் படித்தார், பணம் சேர்த்தார், பிரான்சுக்குக் கப்பல் ஏறினார், 1921-ம் வருஷம் ஜூன் 15-ந் தேதி சர்வதேச உரிமம் வாங்கினார். கற்க இடம் கிடைப்பதற்காகவே ஒரு புதிய பாஷையைக் கற்றார் ஒரு கூலிக்காரர் மகள். நாம் 12 வருஷம் பள்ளியில் படித்துவிட்டு நாக்கு திரும்பவில்லை என்பது நியாயமா?

நமது பெண்களுக்கும் ஒரு வார்த்தை. 1936-ம் வருஷத்தில் லாகூரில் சரளா துக்ரால் என்கிற 21 வயது அம்மையார் சேலை கட்டிக்கொண்டே விமானம் ஓட்டி உரிமம் பெற்றார். பெங்களூர் அரசாங்க விமானப் பள்ளியில் 1949-ல் தேறிய உஷா சுந்தரம் அம்மையார், 1951-ல் தம் கணவர் வி.சுந்தரத்துடன் சேர்ந்து லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டிவந்தார். ஆகவே சேலை தடையல்ல. சேலை கட்டினவளுக்கு எதற்கு என்று கேட்கும் புத்திதான் தடை.

பணம் என்கிற சுவர்

நிற்க, இவ்வளவு சுலபமானால் நம்மவர்கள் ஏன் அதிகம் போகவில்லை? இதை மறைக்காமல் பேசவேண்டும். வியாபார விமானி உரிமத்துக்கு 18 வயதும், 200 மணி நேரம் பறந்த பழக்கமும், வழிகாணல், வானிலை, ஆகாயச் சட்டம், யந்திர அறிவு ஆகிய பரீட்சைகளில் நூற்றுக்கு 70 மார்க்கும் வேண்டும். 12-ம் வகுப்பில் பௌதிகமும் கணக்கும் படித்திருக்கவேண்டும் என்பது நெடுங்காலமாக உள்ள விதி. படிக்காதவர்கள் திறந்த நிலைப் பள்ளி மூலம் அவற்றைத் தனியே எழுதித் தேறலாம். இவை எல்லாம் முயற்சிக்கு அடங்கும். அடங்காதது பணம். அந்த 200 மணிக்குப் பல பத்து லட்ச ரூபாய் ஆகிறது. ஒரு புடவைக்கு நாட்கணக்கில் தறியில் உட்காருகிற குடும்பம் அதற்கு எங்கே போகும்? பிறவியிலே வந்த புத்திக் குறைவு ஒன்றும் நம்மைத் தடுக்கவில்லை, பணப்பெட்டிதான் தடுக்கிறது. இதைத் தலைவிதி என்று சொல்லுகிறவர்கள் பெட்டிக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள்.

ஆகையால் வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 12-ம் வகுப்பில் கணக்கும் பௌதிகமும் படித்த பிள்ளைகள் தேசியப் பாதுகாப்புக் கழகப் பரீட்சையில் தேறினால், விமானப் படையில் சர்க்கார் செலவிலேயே பறக்கக் கற்கலாம். 2022 முதல் பெண்களும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். ஆதிதிராவிட மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித் திட்டத்தில் விமானி உரிமப் படிப்பும் சேர்க்கப்பட்டிருக்கிறது. நேரே ஓட்டாவிட்டாலும், தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் உத்தியோகமும், யந்திரம் பழுது பார்க்கும் படிப்பும் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: யாருக்கும் முன்பணம் கட்டுமுன் முதலில் வைத்தியப் பரீட்சை செய்துகொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருப்பது மாத்திரம் தடையல்ல. ஆனால் நிறம் பிரித்தறியாத கண் போன்ற குறை பிந்தித் தெரிந்தால் கட்டின பணம் போச்சு. அப்பள்ளி சர்க்கார் விமானத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தரகர் வார்த்தையை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

1953-ம் வருஷத்தில் இந்த ராஜ்யத்தில், பள்ளிக்கூட நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு கல்வித் திட்டம் வந்து, பெரும் எதிர்ப்பால் 1954-ல் ஒழிந்தது. சட்டத்தில் ஒழிந்த அந்தத் திட்டம் நமது வீடுகளில் ஒழிந்துவிட்டதா? "நெய்கிறவன் மகன் கணக்குப் படித்து என்ன செய்யப்போகிறான்?" என்று கேட்கிற ஒவ்வொரு வீட்டிலும் அது உயிரோடிருக்கிறது. தறி கேவலம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கையும் கண்ணும் எந்த நுட்ப வித்தைக்கும் தகுந்தவை என்பதைத்தான் இவ்வளவு நேரம் காட்டினோம். தறியில் உட்காருகிறவன் விரும்பி உட்காரட்டும். வேறு வழி அடைபட்டதால் உட்காரக்கூடாது.

இந்த ஜில்லாவிலேயே பரந்தூரில் பெரிய விமான நிலையம் வரும் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் தங்கள் நிலத்துக்காகப் போராடினார்கள். அதன் நியாயம் தனியே பேசவேண்டிய பெரிய விஷயம். ஆனால் எங்கே விமான நிலையம் வந்தாலும், நிலம் கொடுப்பதும், கல் சுமப்பதும், மூட்டை தூக்குவதும் ஒரு கூட்டத்தாருக்கு, ஓட்டுவதும் உட்காருவதும் வேறொரு கூட்டத்தாருக்கு என்கிற ஏற்பாட்டுக்கு மாத்திரம் நாம் சம்மதிக்கக் கூடாது.

ஆகவே தோழர்களே! நாளைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று சொல்லி முடிக்கிறோம். வாசகசாலையில் ஒரு தேசப் படத்தை விரியுங்கள். மீனம்பாக்கத்துக்கும் மதுரைக்கும் கோடு போடுங்கள். திண்டிவனமும் திருச்சியும் கோட்டின் மேல் விழுகின்றனவா என்று பாருங்கள். நாம் சொன்ன தூரமும் நேரமும் சரியா என்று ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அளந்து பார்த்துச் சரியென்று கண்ட பிள்ளை விமானிப் படிப்பின் முதல் பாடத்தை அன்றே முடித்துவிட்டது என்று அர்த்தம்.